காலுக்குத் தட்டுப்படாத ஊசி

தையல்காரரின் கையிலிருந்து நழுவிய ஊசியைக் காணவில்லை. தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை மகள் பதறிப்போய்த் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள்.

"செருப்பைப் போட்டுட்டுத் தேடுங்கப்பா."

"வெறுங்கால்ல தடவினாத்தான்மா ஊசி தட்டுப்படும்."

"கால் எரியுதுன்னு ராத்திரியெல்லாம் புலம்புவீங்களே?"

"அதான் தானா நின்னுடுச்சே. சர்க்கரை மாத்திரையையும் தூக்கிப் போட்டாச்சு. இப்பல்லாம் பஞ்சுல நடக்கற மாதிரி இருக்கு."

மெஷினுக்கு அடியில், மேஜை ஓரத்தில், கதவு மூலையில் என்று ஓர் இடம் விடாமல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினார்.

"ஊசி இங்க இல்லவே இல்ல. பயப்படாம குழந்தைய இறக்கி விடும்மா."

மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவர் தேய்த்துப் போன வழியெல்லாம் வெள்ளைத் தரையில் நூல் போலச் சிவப்புக் கோடு.

"அப்பா, அசையாம நில்லுங்க. ஊசி கிடைச்சிடுச்சு."

"அப்படியா, எங்கம்மா கிடந்துச்சு?" என்று சிரித்தபடி, அவர் அவளை நோக்கி அடுத்த அடியை அழுத்தி வைத்தார்.