ரிம்மா பொய் சொல்கிறாள்

“இது பொய்க்குரைப்பு நாய். இனிமே இதைக் காட்டுக்குள்ள விடக் கூடாது” என்றார் தௌனோ.

ஊர் வேட்டைச் சங்கத்தின் மார்ச் மாதக் கூட்டம். மேஜையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். தலைவர் நாற்காலியில் தௌனோ. எதிரே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஹில்யா. அவள் காலடியில் நரி நிறத்தில், காதுகளை நிமிர்த்திக்கொண்டு ரிம்மா. வயிற்றில் குட்டிகள்.

பின்லாந்தில் பொய் சொல்லும் மனிதரைத் தேர்தலில் நிற்க வைப்போம். பொய்யாகக் குரைக்கும் நாயை மட்டும் மன்னிக்க மாட்டோம்.

ரிம்மாவின் வேட்டை நாய் இனத்துக்கு ஒரே வேலைதான். மரத்தில் காட்டுச்சேவல் இருந்தால், அடியில் நின்று அண்ணாந்து, வாலை மெல்ல அசைத்தபடி குரைக்கும். சேவல் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் துப்பாக்கி வந்து சேரும். மேலே சேவல் இல்லாமல் குரைத்தால் அது பொய்க்குரைப்பு. அந்தப் பெயர் விழுந்த நாயின் குட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

“எங்க குரைச்சா, தலைவரே?” என்று கேட்டாள் ஹில்யா.

“என் விறகுக் கொட்டகை முன்னாடி. காலையில பூரா. அண்ணாந்து பாத்து, வாலை ஆட்டி ஆட்டி.”

“உள்ள என்ன இருக்கு?”

“விறகு! விறகுக் கொட்டகையில பின்ன பியானோவா இருக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்யா சிரிக்கவில்லை.

“ரிம்மா விறகைப் பாத்துக் குரைக்க மாட்டா.”

“என் கொட்டகையிலயும் குரைச்சா” என்றான் படகு பழுது பார்க்கும் ரெய்னோ. “அங்க மீன் வலைதான் தொங்குது.”

“எங்க வீட்டுலயும்தான்” என்றாள் மளிகைக் கடை இம்பி. “போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க.”

சேவல் வேட்டைக் காலம் முடிந்து எத்தனையோ மாதங்கள் ஆயிற்று. இப்போது ஒரு சேவலைச் சுட்டால் துப்பாக்கி உரிமமே போய்விடும். ஆகவே, எந்தக் கொட்டகையிலும் சேவல் இருக்க வழியே இல்லை. எல்லோரும் ஒரே குரலில் அப்படித்தான் சொன்னார்கள்.

“அப்ப எழுந்திரிங்க” என்றாள் ஹில்யா. “கொட்டகை கொட்டகையாப் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்.”

எல்லோரும் அவசரமாகக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

“காப்பி ஆறிடுமே” என்றாள் இம்பி.

“நாய் சொல்லிச்சுன்னு மனுஷங்க வீட்டைச் சோதனை போடறதா?” தௌனோ மேஜையைத் தட்டினார். “பொய்க்காரி! வாயைத் திறந்தா பொய்!”

ரிம்மா மெல்ல எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“கத்தாதீங்க. இதுங்களுக்குக் கடுஞ்சொல் தாங்காது. திட்டினவங்களைத் திரும்பிப் பாக்காதுங்க. சோறு வெச்சாலும் பாக்காது” என்றாள் ஹில்யா. “என் வாயால இன்னிவரைக்கும் ஒரு சொல் கேட்டதில்ல அவ.”

வாக்கெடுப்பு நடந்தது. ஹில்யாவைத் தவிர எல்லோர் கையும் உயர்ந்தது. ரிம்மா பொய்க்குரைப்பு நாய். எழுதியாகிவிட்டது.

மறுநாள் காலை ஹில்யா வாசல்படியில் உட்கார்ந்து ரிம்மாவுக்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். உதிர்ந்த செம்முடி பனியில் பறந்தது. இந்தக் குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்வழியாக ரெய்னோ வந்தான். கையில் சாக்கு.

“ஹில்யாக்கா, எனக்கு ஒரு குட்டி எடுத்து வைங்க.”

“பொய்க்காரி குட்டியா?”

“அட, கூட்டத்துல பேசறது வேற, வாழறது வேற. பூட்டின கதவுக்குப் பின்னாடி இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்கா! இப்படி ஒரு மூக்கு இந்த ஜில்லாவுலயே கிடையாது.” சாக்கை நீட்டினான். “இது உங்களுக்கு. வெளியில மூச்சு விடாதீங்க.”

ரிம்மா சாக்கை அண்ணாந்து பார்த்து, வாலை மெல்ல அசைத்துக் குரைத்தாள்.

அப்புறம் இம்பி வந்தாள். மத்தியானம் தௌனோவே வந்தார். “எனக்கு ஆண்குட்டியாப் பாத்து வெச்சிடும்மா.” கை தூக்கிய அத்தனை பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், பின்வழியாகவே வந்து போனார்கள். வந்தவர் கையிலெல்லாம் ஒரு சாக்கு.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஹில்யா ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள். ஆனால், வெண்ணெயில் பொரித்த சேவல் கறி, பாலேடு விட்ட குழம்பு, பக்கத்தில் புளிப்பாகக் காட்டுப் பழம்... வாயை எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

குளிரில் சில நாள் தொங்கினால்தான் சேவல் கறி மெத்தென்று ஆகும். எல்லாவற்றையும் தன் கொட்டகை உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

அந்த வாரமே வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி இறங்கினார்.

“என்னம்மா, உங்க நாய் இந்தக் குரை குரைக்குது?”

ரிம்மா கொட்டகை முன்னால் நின்று அண்ணாந்து குரைத்துக்கொண்டிருந்தாள். வால் மெல்ல அசைந்தது.

“உள்ள என்ன இருக்கு?”

“விறகுதாங்க.” ஹில்யா சிரித்தாள். “அது பொய்க்குரைப்பு நாய். சங்கத்துலயே தீர்மானம் போட்டாச்சு. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

அதிகாரி கொட்டகைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். ரிம்மா இன்னும் பலமாகக் குரைத்தாள்.

“வாயை மூடு, பொய்க்காரி!” என்று கத்தினாள் ஹில்யா.

குரைப்பு சட்டென்று நின்றது. அதிகாரி தோளைக் குலுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

வெண்ணெயில் பொரித்த முதல் துண்டை ஹில்யா ரிம்மாவுக்குத்தான் நீட்டினாள்.

ரிம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.