கொஞ்சம் கோணலாக ஒரு நாற்காலி

“நாற்காலி கொஞ்சம் கோணலா இருக்கணும்,” என்றார் கணக்கு வாத்தியார்.

தச்சர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். நேராக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களைத்தான் முப்பது வருடமாக அவர் பார்த்திருக்கிறார். “நல்லா இருக்கணும்னு சொல்ல வந்தீங்களா சார்?”

“இல்லைண்ணே. நானே வீட்ல செஞ்ச மாதிரி தெரியணும். ஆனா உட்கார்ந்தா உடையக் கூடாது.”

மதிய இடைவேளை முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. வாத்தியார் வெட்கத்தை விட்டு முழுக் கதையையும் கொட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி, வீட்டின் பின் அறை தனக்கு வேண்டும் என்று ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டால், “வேணும்னா வேணும், விடுங்களேன்” என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகக் கொட்டாவி விட அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் அதுதான். விடுவாரா? மரவேலை செய்யப் போகிறேன், இனி அந்த அறைதான் என் பட்டறை என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து மனைவியின் அண்ணன் வந்திருந்தார். மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப ரெண்டு மாசத்துல ஒரு நாற்காலி செஞ்சு காட்டுங்க மாப்பிள்ளை. நானே வந்து உட்கார்ந்து பார்க்கறேன். தாங்கினா ரூம் உங்களுக்கு, உடைஞ்சா தங்கச்சிக்கு” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் உட்கார்ந்தால் பஸ் சீட்டே முனகும்.

வாத்தியார் பலகை வாங்கினார், ரம்பம் வாங்கினார், விடிய விடிய வீடியோ பார்த்தார். தாளில் போட்ட கணக்கில் ஒரு பிழை கிடையாது. அறுக்கும்போது ரம்பம் தின்கிற மரத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே பலகையில் வரிசையாகக் கோடு போட்டு அறுத்ததில் நான்கு கால்களும் நான்கு உயரத்தில் வந்து நின்றன. நின்றன என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்.

“வர்ற ஞாயித்துக்கிழமை மச்சான் வர்றார். மானத்தைக் காப்பாத்துங்கண்ணே.”

தச்சர் தலையைச் சொறிந்தார். “கோணலா செய்ய எனக்கு வராது சார். கை ஒத்துக்காது.”

“முயற்சி பண்ணுங்க, வரும்,” என்றார் வாத்தியார், வகுப்பில் சொல்கிற பழக்கத்தில்.

தச்சர் பட்டறை மூலையைத் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணு பண்ணலாம். இங்க புதுசா வேலை கத்துக்க ஒருத்தங்க வர்றாங்க. அவங்க செஞ்ச முதல் நாற்காலி அந்தா மூலையில கிடக்கு. கூச்சப்பட்டுக்கிட்டு, உடைச்சு அடுப்புக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மனசு வரலை.”

வாத்தியார் போய்ப் பார்த்தார். முதுகுப் பலகை இடது பக்கம் சரிந்திருந்தது. பின்னங்கால் ஒன்று வெளியே போகலாமா வேண்டாமா என்கிற மாதிரி வளைந்திருந்தது. பிடித்து ஆட்டினால் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் நாற்காலி பின் அறைக்குள் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவர் செய்ததெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெட்டிப் பலகையில் உப்புத்தாளைத் தேய்த்துச் சத்தம் கிளப்பியதுதான்.

அதைக் கேட்கவும் வீட்டில் ஆள் இருப்பதில்லை. மனைவி மூன்று மாதமாகத் தினமும் இரண்டு மணி நேரம் நடக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கென்று வாங்கின செருப்பு இன்னும் கடையில் இருந்த மாதிரியே இருந்தது. இவள் நடக்கிற வேகத்துக்கு அது பேரன் காலம் வரை வரும் என்று வாத்தியார் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாத்தியார் நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்த மனைவி, நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “இது நீங்க செஞ்சதா?”

“பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா வந்து செஞ்சு குடுத்தார்?”

அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோணல் போதவில்லையோ, இன்னும் கொஞ்சம் கோணலாகக் கேட்டிருக்க வேண்டுமோ என்று வாத்தியார் தவித்துப் போனார்.

“தள்ளுங்க,” என்று மச்சான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி வாயைத் திறக்கவில்லை. சாய்ந்தார், குலுங்கினார், காலைத் தூக்கிக்கூடப் பார்த்தார்.

“அசையலையேம்மா,” என்றார் தங்கையிடம். “மாப்பிள்ளை ஜெயிச்சுட்டார். ரூம் அவருக்குத்தான்.”

அதோடு வாத்தியார் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மச்சான் வாயால் கேட்கிற முதல் பாராட்டு அது. தலைகால் புரியவில்லை.

“லேசுப்பட்ட வேலையா மச்சான்? இதோ இந்தப் பின்னங்கால் இருக்கே, இதை இழைக்கவே எனக்கு நாலு நாள் ஆச்சு.”

மனைவி குனிந்து அந்தக் காலைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம், சந்தோஷம்தான் பொங்கி வழிந்தது.

“எனக்கு ஒன்பது நாள் ஆச்சுங்க.”