சயாம் லிஸ்டு

ஜூலை மாதத்து மத்தியான வெயில் ரப்பர்த் தோட்டத்து லயத்துத் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. பெஞ்சு மேலிருக்கும் டேப் ரெக்கார்டரை விட்டு அஞ்சலையின் கண் அகலவில்லை. அதன் சிவப்பு விளக்கு தன்னை வேவு பார்ப்பதாகவே அவளுக்குப் படுகிறது. கோடை விடுமுறைப் படிப்புக்காகத் தோட்டத்து ஆட்களின் பழங்கதையைப் பதிவு செய்ய வந்திருக்கும் அமெரிக்க மாணவி எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த வாகீஸ்வரி டீச்சர், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த பழைய கிராணியின் மகள். “சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயில் போட ஆள் கேட்டப்ப, கிராணி ஐயா லிஸ்டுல தன் வீட்டுச் சமையல்காரன் பேரை அடிச்சிட்டு எங்கண்ணன் பேரை எழுதினாரு. போனவன் திரும்பவே இல்லலா,” என்கிறாள் அஞ்சலை. வாகீஸ்வரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் நாலே வார்த்தை சொல்கிறாள். மாணவி சிரித்துத் தலையாட்டுகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அஞ்சலை டீச்சரின் முகத்தையே பார்க்கிறாள். அது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இவ்வளவு நேரம் பெட்டியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுக்கிறாள். நாற்பது வருஷமாக ‘ஐயா’ என்றே சொல்லிப் பழகிய வாயை அதன் அருகே கொண்டுபோய், நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள்: “லிஸ்டு எழுதினது துரைசிங்கம். துரைசிங்கம் கிராணி.” மாணவியின் பேனா நிற்கிறது. அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்புகிறாள். காலையில் டீச்சர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த முழுப்பெயர் அங்கே இருக்கிறது: வாகீஸ்வரி துரைசிங்கம்.