கிளிப்பச்சைக் கட்டம்

ஒரே ஒரு தப்பாவது அகப்படாதா என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

மருத்துவமனையின் மாதச் செய்திமடலை இத்தனை வருடமாக அவள்தான் வடிவமைத்து வந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் விளையாட்டுப்போல ஒரு மாதிரி இதழ் செய்து காட்ட, மேலாளர் சொக்கிப்போய்விட்டார். இனிமேல் செய்திமடல் அந்தப் பெண்ணுக்கு. இவளுக்கு மருந்துச்சீட்டும், கழிப்பறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பும்.

போனால் போகிறதென்று ஒரு மரியாதை மட்டும் மிச்சம். அச்சுக்குப் போகுமுன் இவள் ஒருமுறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, பற்றிக்கொண்டுதான் எரிந்தது.

புதுப்பெண் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பணிவும் பிடிக்கவில்லை.

முதல் பக்கம். தலைப்பைச் சுற்றித் தாராளமான வெள்ளை இடம். மூன்று பத்திகளும் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டாக இருந்தால் மட்டம் தட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து கட்டிய பக்கம் அது.

கொடுமை என்னவென்றால், அவளுக்கு அது பிடித்திருந்தது. நாமே செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. தோன்றியதும் இன்னும் எரிந்தது.

இடைவெளி எங்காவது பிசகியிருக்கும் என்று பக்கத்தைச் சிறிதாக்கினாள். தாளுக்கு வெளியே இருக்கும் சாம்பல் பரப்பும் திரைக்குள் வந்தது.

அங்கே ஓரமாக ஒரு சின்னக் கட்டம் கிடந்தது. கிளிப்பச்சை நிறம்.

மவுஸில் இருந்த கை அப்படியே நின்றது.

முன்பெல்லாம் அவளும் இப்படித்தான். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை எண் போட்டு அளக்காமல், ஒரு சின்னக் கட்டத்தைச் செருகிப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் சரியாக ஒட்டியதும் தாளுக்கு வெளியே தள்ளிவிடுவாள். எந்த வகுப்பிலும் கற்றதல்ல. எண்களைக் கண்டாலே குழம்பிய காலத்தில், ஒற்றைக் கணினி வைத்திருந்த கடையில், அவளே கண்டுபிடித்த குறுக்குவழி. அந்தக் கடையோடு அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டாள்.

அதை அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒருவனுக்கு. கண்ணைக் குத்துகிற நிறம், மாற்றித் தொலை என்று தினமும் சண்டை பிடிப்பான்.

“இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“எங்க வீட்டுக்காரர்தாங்க்கா. இந்த டெம்ப்ளேட்டே அவர் போட்டுக் குடுத்ததுதான்.” புதுப்பெண் சிரித்தாள். “கலர் சகிக்கல, மாத்திடறேன்னா மட்டும் அவருக்குக் கோவம் வந்துரும். அதுல கை வைக்காதேங்கறார்.”

குடும்ப நீதிமன்றத்தின் படியிறங்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்காமல் போனவன்.

யார்மேல் பொறாமைப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவள் மேலா, அந்தப் பச்சைக் கட்டத்தின் மேலா.

கட்டத்தின்மேல் சொடுக்கினாள். டெலீட் விசை விரலுக்குக் கீழேதான் இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டாள்.

“மாத்தாதம்மா, இருக்கட்டும்,” என்றாள். “அது அச்சுல வராது.”