அடியில் முட்டிய திருகுகள்

கிட்டாரின் கழுத்திலேயே கம்பிகளை இறுக்கிப் பூட்டிவிட்டால் சுருதி விலகவே விலகாது என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? கிட்டார் வாசிக்கும் வெண்டலும் அப்படித்தான் நினைத்தான். பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில், இன்றிரவு அவன் குழு வாசிக்கவிருக்கும் பாரின் கதவிடுக்கு வழியாகச் சாயங்கால வெயில் மேடைவரை நீண்டு கிடக்கிறது. நேற்றைய பீர் வாடை இன்னும் போகவில்லை. வெண்டல் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, கிட்டாரின் அடியில், பூட்டிய பிறகும் சுருதியைக் கொஞ்சம் ஏற்ற இறக்க உதவும் குட்டித் திருகுகளைத் திருகிப் பார்க்கிறான். ஒன்றும் அசையவில்லை. கம்பி தளர்ந்தபோதெல்லாம் பூட்டைத் திறக்கச் சோம்பி, இவற்றையே திருகிவந்தான். இப்போது ஆறும் அடியில் முட்டி நிற்கின்றன. "இன்னிக்கும் சுருதி போச்சுன்னா, இந்த ஊரோட உனக்கு முடிஞ்சுது" என்று பாடகன் லானி மதியமே சொல்லிவிட்டான்.

டிரம்ஸ் வாசிக்கும் டார்லீன் குனிந்து பார்க்கிறாள். "கழுத்துல இருக்கற பூட்டை எப்படா கடைசியா கழட்டின?"

"ரீனோல."

"அது போன டூருடா, மகராசா!"

"அசதி, டார். பூட்டிட்டு நிம்மதியா தூங்கலாம்னுதானே இத மாட்டினேன்."

"சாவியக் கொண்டா."

பூட்டு தளர்ந்ததும் கம்பிகள் முனகிக்கொண்டு இறங்குகின்றன. அவன் குட்டித் திருகுகளைப் பாதிவரை மேலே கொண்டுவருகிறான். அவள் ஒவ்வொரு கம்பியாக முறுக்க, அவன் காதை வைத்து மீட்டுகிறான். கழிப்பறைப் பக்கத்து டெலிபோனில் லானி யாரிடமோ பேசுவது கேட்கிறது: "எங்க பாட்டுக்கெல்லாம் கிட்டார் வாசிக்கத் தெரியுமா உனக்கு? சரி, நாளைக்கே வந்துடு."

டார்லீனின் கை நிற்கிறது.

"முறுக்கு, டார்," என்கிறான் வெண்டல். "இன்னும் ரெண்டு கம்பி இருக்கு."

அன்றிரவு கடைசிப் பாட்டு வரை சுருதி விலகவில்லை. மறுநாள் காலை லானி வெண்டலை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான்.