வேலியில் ஓர் ஓட்டை இருந்தது

ரயில் கதவு திறந்ததும் தனபாலன் முதல் ஆளாக வெளியே பாய்ந்து ஓடினான்.

பையில், வெல்டிங் கையுறைகளுக்கு அடியில், மகளின் பம்ப் கிடந்தது. மூச்சு இழுக்கும்போது வாயில் வைத்து அழுத்தும் நீலப் பம்ப். பழையது தீர்ந்துபோனதால் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கிளினிக்கில் வாங்கினான். திரும்பிப் போய் வீட்டில் கொடுக்கச் சோம்பல். சாயங்காலம் கொடுத்தால் போதும் என்று பையில் போட்டுக்கொண்டான்.

சரளா அழைத்து ஐந்து நிமிடம் ஆகிறது.

“ஏங்க, பாப்பாவுக்கு ரொம்ப இழுக்குது. ஆம்புலன்ஸ் ஜேம்ல மாட்டிக்கிச்சாம். நான் தூக்கிக்கிட்டு ஓட்டைக்கு வந்துர்றேன், நீங்க அந்தப் பக்கமா வந்துருங்க.”

ஓட்டை அடைபட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். “சரி, வா” என்றுதான் வந்தது.

நடைமேடையிலிருந்து பார்த்தால் அவன் வீடு தெரியும். மூன்றாவது மாடி, மஞ்சள் துண்டு காயும் சன்னல். கூப்பிடு தூரம். ஆனால் ஸ்டேஷனைக் கட்டிய புண்ணியவான்கள் அதன் முகத்தைப் பேரங்காடிக்கும் முதுகை அடுக்குமாடிக்கும் காட்டி வைத்துவிட்டார்கள். குளுகுளுவென்ற பாலம் ஒன்று நேராகச் சப்பாத்துக் கடைக்குள் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கார் நிறுத்துமிடம், பெரிய சாலை, மேம்பாலம் என்று சுற்றினால், ஓடினாலும் இருபது நிமிடம். ஐயாயிரம் பேர் குடியிருக்கும் பக்கத்துக்கு ஒரு வாசல் இல்லை.

இல்லாத வாசலை மக்களே போட்டுக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால், கம்பி வேலியில், ஓர் ஆள் குனிந்து நுழையும் ஓட்டை. வீட்டுக்கு மூன்றே நிமிடம். நான்கு முறை அடைத்தார்கள். நான்கு முறையும் யாரோ இரண்டு நாளில் வெட்டிவிட்டார்கள்.

பத்து நாளைக்கு முன் ஐந்தாம் முறையாக அடைத்தார்கள். இந்த முறை அடைத்தது வேறு மாதிரி என்று தனபாலனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. தினமும் பேரங்காடியைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனான்.

சரளாவுக்கு இதெல்லாம் தெரியாது. தைப்பிங்கில் அம்மா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு நேற்று இரவுதான் வந்தாள்.

எவனாவது வெட்டியிருக்கணும் முருகா. எந்தக் கழிசடையாவது வெட்டியிருக்கணும்.

படியிறங்கி, தூணைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பினான்.

பாதையைக் காணோம். கால் பட்டுப் பட்டு மொட்டையாகிக் கிடந்த தடத்தில் லாலான் புல் முளைத்திருந்தது. நாசி லெமாக் சோறு விற்கும் ரொகாயா அக்கா இல்லை. அவருடைய குடைக்கம்பு நின்ற குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்புத் தைப்பவரின் பலகையும் இல்லை. வழக்கமாக இந்த நேரத்துக்குக் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ஓட்டை திறந்திருந்தால் அக்கா இருப்பார்.

இருந்தாலும் ஓடினான்.

வேலி அப்படியேதான் நின்றது. பத்தடி உயரம். சுண்டுவிரல்கூட நுழையாத நெருக்கமான வலை. ஏறினால் கால் பிடிக்காது.

மறுபுறம் சரளா வந்து நின்றிருந்தாள். ஆறு வயது ரூபிணி அவள் தோளில் துவண்டு கிடந்தாள். உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. சரளா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலியைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

“இங்கதானே இருந்துச்சு. ஏங்க, இங்கதானே இருந்துச்சு?”

தனபாலன் பம்பை எடுத்து வீசினான். மேல் கம்பியில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் வீசினான். பாதி உயரம்கூடப் போகவில்லை. கை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

ரூபிணியின் தலை பின்னால் சாய்ந்தது. சரளா அலறினாள்.

பம்பை ஒரு கையுறைக்குள் திணித்து, வாயை முறுக்கிக் கட்டி, மூன்றடி பின்னால் போய், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தான். கையுறை வேலியைத் தாண்டிப் போய்ப் புல்லில் விழுந்தது.

சரளா பாய்ந்து எடுத்தாள். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். ஒரு அழுத்து. இன்னொரு அழுத்து. இன்னும் ஒன்று. தனபாலன் வலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு பிள்ளையின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உள்ளே போனது. வந்தது. போனது.

பிறகு ரூபிணி இருமினாள். இருமி, அம்மாவின் தோளில் எச்சில் ஒழுக அழுதாள். எந்த அழுகையையும் அவன் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

சரளா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் பிள்ளை, கையில் அந்தக் கையுறை. மூச்சு வாங்க வேலியை அண்ணாந்து பார்த்தாள்.

“எவன்ங்க இதை அடைச்சது? அவன் கை விளங்காமப் போவ.”

“தெரியலம்மா,” என்றான் தனபாலன்.

வேலித் தூணைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரலுக்கு அடியில், வலையைத் தூணோடு பற்றவைத்த இடம் வழவழவென்று இருந்தது. வருகிற போகிற பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதென்று, வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் நின்று தேய்த்துவிட்டிருந்தான். அன்றைக்கு முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். இனி எவனாலும் வெட்ட முடியாது, உன் கை மாதிரி வராது பாலா என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.