வெட்டியது போக மீதி

"அதாவது… வந்து… நல்ல கேள்விம்மா… எப்படின்னா… பாருங்க…"

சுஜிதா பேட்டியை வெட்டித் தொகுக்க உட்கார்ந்திருந்தாள். கணினித் திரையில் ஒன்றியத் தலைவர் விஜயசங்கர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எச்சில் அவள் மேல் தெறிப்பதுபோல இருந்தது.

காலையில் குற்றாலத்து விடுதியில் அவள் எடுத்த பேட்டி. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் இசக்கிமணியை நசுக்கிப்போட்ட ஜல்லி லாரி உங்கள் மச்சினனுடையதுதானே என்று நேராகவே கேட்டிருந்தாள். சந்தைக்கே தெரிந்த விஷயம். போலீஸுக்கு மட்டும் அது அடையாளம் தெரியாத வாகனம்.

வழக்கை மூடுவதற்குள் இந்தப் பேட்டி வெளியே வரவேண்டும். இசக்கிமணியின் மனைவி பிச்சம்மாள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

சேனல் முதலாளி ஜெபசிங் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த இழுவையெல்லாம் வெட்டிட்டு, மனுஷன் பேசுத மாதிரி ஆக்கு. விளம்பரம் தாராருல்லா?"

எல்லாப் பேட்டிக்கும் அதுதான் வழக்கம். தடுமாற்றத்தை வெட்டிவிட்டால் பொய்கூட சத்தியம் மாதிரி ஒலிக்கும். எத்தனையோ பேருக்கு அவளே வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இன்று தலைகீழாக வெட்டினாள். பேச்சைத் தூக்கி எறிந்தாள். இழுவையை மட்டும் கோத்தாள்.

அதாவது. வந்து. பாருங்க. எப்படின்னா. அதாவது.

பொய் அம்மணமாக நின்றது. வேலை போனால் போகட்டும் என்று தன் சொந்த இணையப் பக்கத்தில் ரீல்ஸாகப் போட்டுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் மாவட்டமே பார்த்துவிட்டது. சிவகிரிப் பையன்கள் அதற்கு மேளம் சேர்த்திருந்தார்கள். ஐந்தருவியில் ஈரத் துண்டோடு ஒருவர் தொப்பை குலுங்க அவரைப்போலவே இழுத்துப் பேசிக் காட்டினார்.

விஜயசங்கரே போனில் வந்தார். இப்போது ஒரு தடுமாற்றமும் இல்லை.

"ஏம்மா, இத்தன வருஷம் போஸ்டர் ஒட்டியும் கிடைக்காத பேரு ஒரே நாள்ல கிடைச்சிட்டு. சின்னப் பிள்ளகூட என்னையப் பாத்துச் சிரிக்குது. நல்லா இரு."

அவள் வாயெல்லாம் கசந்தது. போய்க் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

மறுபடி போன். பிச்சம்மாள்.

"நானும் பாத்தேன் தாயி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகதான் காட்டிச்சு. ஒரே சிரிப்பு. ஆமா… அவர்ட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

சுஜிதா வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

இசக்கிமணி, லாரி, மச்சினன் எல்லாம் அவளுடைய கேள்வியில்தான் இருந்தன.

நீளம் கூடிப்போகிறதே என்று அவள் முதலில் வெட்டியது அதைத்தான்.